நடையின் கதை (9): செண்பகனூரிலிருந்து கப்பலேறிய பூச்சி

1901-ஆம் ஆண்டு ரொபேர் த சினெட்டி என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி, குச்சிப்பூச்சிகளின் உடலமைப்பைப் பற்றி ஓர் ஆய்வேடு வெளியிட்டார். அதுவரை பெயர் பெறாத ஒரு பூச்சிக்கு அதில் பெயர் வைத்தார். உலகம் முழுக்க விலங்கியல் துறைகளில் இன்று கராசியஸ் மொரோசஸ் என்று அறியப்படும் பூச்சி அதுதான். நடுவில் சில காலம் அதை டிக்சிப்பஸ் என்றும் அழைத்தார்கள். பழைய ஜெர்மன் கட்டுரைகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். பெயர் எப்படி மாறினாலும் அதன் பிறந்த ஊர் மாறவில்லை. பழனிமலையில் கொடைக்கானலை ஒட்டியிருக்கும் செண்பகனூர்.

பழனிமலை நமக்கு வேற்று மலை அல்ல. தேவாரத்துக்கு மேற்கே எழுந்து நிற்பது ஏலமலை. தேனியைத் தாண்டிப் பெரியகுளம் போனால் தலைக்கு மேலே நிற்பது பழனிமலை. இன்று வத்தலக்குண்டிலிருந்து பேருந்து ஏறுகிற மலைச்சாலை 1910-களில்தான் போக்குவரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு கொடைக்கானல் போனவர்கள் பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகெவி வழியாக ஏறினார்கள். நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்கள் குதிரையிலும் டோலியிலும். செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருக்களுக்கான பயிற்சி ஒரு பக்கம் நடக்க, மலையின் செடி, பூச்சி, பாம்பு, பறவை எல்லாவற்றையும் சேகரித்துப் பெயரிடும் வேலை மறுபக்கம் நடந்தது. அந்தச் சேகரிப்பில் உருவான அருங்காட்சியகத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். அந்த நாட்களில் மலையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எதுவும், பெட்டியில் வைத்த பூச்சி முட்டை உட்பட, பெரும்பாலும் நம் பெரியகுளத்து அடிவாரத்தைத் தொட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

தேவாரம் என்ற பெயரை அறிவியல் உலகம் கேட்டது பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த விவகாரம் வேறு. ஆனால் இந்தப் பக்கத்து மலைகளுக்கும் உலக அறிவியலுக்கும் உள்ள உறவு அதைவிட நூறு வருடம் மூத்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அது வருத்தம். அதனால்தான் தொடரின் இந்தப் பகுதியை முழுக்க ஒரே பூச்சிக்குக் கொடுக்கிறேன்.

அந்தப் பூச்சி ஏன் முக்கியம்? ஆறு கால்கள் ஒன்றோடொன்று மோதாமல், உடல் சாயாமல் நடக்கும்போது அந்த நடையை ஆள்வது யார், தலையா, கால்களா? இந்தக் கேள்வி நூறு வருடங்களுக்கு மேலாக உயிரியலில் ஒரு வழக்காக நடந்துவந்திருக்கிறது. அந்த வழக்கில் மிக நீண்ட சாட்சியம் சொன்ன உயிர் செண்பகனூர்ப் பூச்சி. பிற்பாடு அதே வழக்கை ரோபோ கட்டும் பொறியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் சாட்சி இதுவேதான்.

அது ஐரோப்பா முழுக்கப் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த இனத்தில் ஆண் தேவையில்லை. பெண் தானாகவே முட்டையிடும். முட்டை தானாகவே பொரிந்து மறுபடி பெண்ணாகும். ஆண் பிறப்பது மிக அரிது. விதையைப் போலவே இருக்கும் முட்டைகளை இருந்த இடத்திலிருந்தே உதிர்த்துக்கொண்டிருக்கும். ஐவி கொடியின் இலையோ முள்பெர்ரி இலையோ போட்டால் போதும், வளர்ந்துவிடும். ஒரு விரல் நீளம், ஏழெட்டு சென்டிமீட்டர், சிறகு கிடையாது, கடிக்காது. ஒரு பேராசிரியர் இன்னொருவருக்கு ஒரு சிமிழ் முட்டை அனுப்பினால் அடுத்த வருடம் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கிவிடலாம். இப்படித்தான் பழனிமலையின் சந்ததி பள்ளிக்கூட அலமாரி முதல் பல்கலைக்கழகம் வரை போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலும் கலிபோர்னியாவிலும் தோட்டங்களில் தப்பிக் குடியேறியும்விட்டது.

இனி வழக்குக்கு வருவோம். பூச்சியின் நரம்பமைப்பு நம்முடையதைப் போலன்று. தலையில் மூளை, அதற்குக் கீழே உணவுக்குழலை ஒட்டி ஒரு நரம்புமுடிச்சு, அதன்பிறகு மார்பில் மூன்று முடிச்சுகள். மார்பு முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கால் பொறுப்பு. முடிச்சுகளைக் கோத்து இரண்டு நரம்புக் கயிறுகள் ஓடுகின்றன. கால்களை நேரடியாக இயக்கும் நரம்புகள் மார்பு முடிச்சுகளிலிருந்தே புறப்படுகின்றன, மூளையிலிருந்து அல்ல.

தலை போன கரப்பான் பல நாள் உயிரோடு இருக்கும், தொட்டால் கால் அசைக்கும் என்பது வீடு பெருக்குகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1962-இல் ஏட்ரியன் ஹாரிட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். தலை நீக்கிய கரப்பானின் கால் கீழே இறங்கி உப்புநீரைத் தொடும்போதெல்லாம் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் தூக்கியே நின்றது. அதிர்ச்சிக்கும் கால் இருக்கும் நிலைக்கும் தொடர்பில்லாத வகையில் அதே அளவு அதிர்ச்சி வாங்கிய இன்னொரு தலையற்ற பூச்சி அப்படிக் கற்கவில்லை. தலையே இல்லாமல் மார்பு முடிச்சு தனியாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது என்று இதற்குப் பொருள்.

அப்படியானால் தலைக்கு என்ன வேலை? கும்பிடுபூச்சியின் ஆண் தலையிழந்த பிறகும் புணர்ச்சியைத் தொடர்வதை 1930-களில் அமெரிக்காவின் கென்னத் ரோடர் ஆராய்ந்தார். தலையிலுள்ள முடிச்சு ‘செய்’ என்பதைக் காட்டிலும் ‘பொறு’ என்றே அதிகம் சொல்கிறது என்று கண்டார். தடுப்பு நீங்கியதும் கீழே உள்ள முடிச்சு தன் வேலையைத் தானே தொடங்குகிறது.

இதைவிடத் தெளிவான சான்று தென்னாசிய வெப்ப நிலங்களில் வாழும் ஒரு குளவி. நீலப் பச்சையாக மின்னும் ஆம்புலெக்ஸ். அது கரப்பானை முதலில் மார்பில் கொட்டி முன்னங்கால்களைச் சில நிமிடம் முடக்கும். அடுத்து, தலைக்குள்ளேயே கொடுக்கை நுழைத்து நரம்புமுடிச்சில் குறிபார்த்து நஞ்சு செலுத்தும். அதற்குப் பிறகு கரப்பானுக்குப் பக்கவாதம் எதுவும் இல்லை. கால் ஆறும் நன்றாக இருக்கின்றன. கவிழ்த்துப் போட்டால் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் தானாக ஓர் அடி எடுத்து வைக்காது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே நடந்து போகும், தன் சாவுக்குழிக்கு. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் லிபர்சாட்டின் குழு இதை நுணுக்கமாக ஆராய்ந்தது. குளவி எடுத்துவிடுவது நடக்கும் திறனை அல்ல, நடக்கத் தொடங்கும் முனைப்பை. அந்த முனைப்பு இருப்பது தலையில். எப்படி நடப்பது என்பது மார்பில்.

நம் பள்ளத்தாக்கில் இதைப் புரியவைப்பது எளிது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் விடுவதா வேண்டாமா, எவ்வளவு விடுவது என்பது தேக்கடி ஷட்டரில் முடிவாகும். ஆனால் 14,707 ஏக்கர் வயலிலும் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வரப்பு உடைந்தது, எந்த வயல் நிரம்பிவிட்டது என்பதைத் தேக்கடியில் உட்கார்ந்து யாரும் பார்க்க முடியாது. வரப்பு உடைந்த செய்தி மேலே போய், அங்கிருந்து ஆணை இறங்கி வருவதற்குள் அடுத்தவர் வயல் மூழ்கிவிடும். மடையடியில் மண்வெட்டியோடு நிற்பவர்தான் அதைப் பார்க்க வேண்டும். செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம் என்ற இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் தீர்ப்பே அதில்தான் இருக்கிறது.

மார்பில் நடை இருக்கிறது என்றால், அங்கே எந்த வடிவில் இருக்கிறது? எழுதிவைத்த தாளமாகவா, அல்லது ஒவ்வொரு காலும் தரையைத் தொட்டு அறிந்து அந்தந்த நொடி எடுக்கும் முடிவாகவா? செண்பகனூர்ப் பூச்சி வழக்குக்குள் நுழைவது இங்கேதான்.

1921-இல் ஜெர்மன் விலங்கியலாளர் வொல்ப்காங் ஃபான் புடன்ப்ராக் அதன் இரண்டு நடுக்கால்களையும் நீக்கிப் பார்த்தார். வேகமாக நடக்கும் பூச்சி ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் எதிர்ப்பக்கத்து நடுக்காலையும் சேர்த்துத் தூக்கும்; மற்ற மூன்றும் முக்காலியாகத் தாங்கும். இந்த ஒழுங்கு மாற்ற முடியாத தாளமாக நரம்பில் பதிந்திருந்தால், நடுக்கால் இல்லாத பூச்சி ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் ஒருசேரத் தூக்கிச் சாய்ந்து விழ வேண்டும். விழவில்லை. பயிற்சிக்கு நேரம் எடுத்துக்கொள்ளாமல், நான்கு கால் விலங்கைப் போல மூலைக்கு மூலை கால் மாற்றி நடந்தது. அப்படியென்றால் தாளம் எழுதிவைக்கப்பட்டதல்ல, கால்கள் இருக்கும் நிலையிலிருந்து பிறக்கிறது என்றார் அவர்.

நாற்பது வருடம் கழித்து மறுதரப்புக்கு ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. 1961-இல் டொனால்ட் வில்சன் என்ற அமெரிக்கர் வெட்டுக்கிளியின் சிறகிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை எல்லாம் துண்டித்தார். சிறகு மேலே போனது, கீழே வந்தது என்று சொல்லும் செய்தி எதுவும் இனி உள்ளே வராது. சிறகடிக்கும் ஒழுங்கு அந்தச் செய்தியால்தான் பிறக்கிறது என்றால் இப்போது அது நின்றுவிட வேண்டும். ஆனால் தலையில் காற்றை ஊதியதும் பறப்புத் தசைகளுக்கான ஆணைகள் அதே வரிசையில் புறப்பட்டு வந்தன. வேகம் மட்டும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. வெளிச்செய்தி இல்லாமலே தாளம் எழுப்பும் நரம்புச் சுற்று ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கு அது தெளிவான சான்று. அதன்பிறகு கொஞ்ச காலம் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் மையத் தாளத்தின் பக்கம் சாய்ந்தன. நடையையும் அப்படித்தான் விளக்க முயன்றார்கள்.

உல்ரிச் பெஸ்லர் குச்சிப்பூச்சியை விடவில்லை. அவர் செய்ததை நான் இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக மதிக்கிறேன். பூச்சியின் தொடைக்குள்ளே ஒரு சிறிய உணர்வுறுப்பு இருக்கிறது. முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை மெல்லிய தசைநாண் ஒன்றின் இழுவையால் அது அறிகிறது. அந்த நாணை மூட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அவர் மாற்றிக் கட்டினார். இனி கால் மடங்கினால் உறுப்பு ‘நீள்கிறது’ என்று சொல்லும். நீண்டால் ‘மடங்குகிறது’ என்று சொல்லும். 1967-இல் வெளியான முடிவு இது: அப்படிச் செய்த பூச்சி நடக்கும்போது அந்தக் கால் மேலே தூக்கி நேராக நீண்டு அப்படியே நின்றுவிடுகிறது. சல்யூட் என்றே ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உள்ளே எழுதிய தாளம்தான் காலை ஆள்கிறது என்றால், பொய்ச்செய்தி ஒன்று காலை இப்படி நிறுத்தியிருக்க முடியாது.

அதே உறுப்பில் இன்னொரு வியப்பையும் அவர் கண்டார். பூச்சி அசையாமல் நிற்கும்போது நாம் அதன் முழங்காலை மடக்கினால், தசை எதிர்த்து நீட்டும். அதே பூச்சி நடந்துகொண்டிருக்கையில் அதே மடக்கம் நேர்ந்தால், தசை எதிர்ப்பதற்குப் பதில் மடக்கத்துக்குத் துணை போகும். உறுப்பு ஒன்று, செய்தி ஒன்று, பதில் மட்டும் நேர் எதிர். நிற்கிறோமா நடக்கிறோமா என்ற நிலை மாறினால் கீழே உள்ள சட்டமே மாறுகிறது. காலுக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் எந்தச் சட்டப்படி என்பது வேறொரு இடத்தில் முடிவாகிறது. மையமா பரவலா என்று ஒற்றைச் சொல்லில் பதில் கேட்டவர்களுக்கு இந்தச் சோதனை பதில் சொல்லவில்லை. கேள்வியைத்தான் திருத்திக்கொடுத்தது.

1995-இல் ஆன்ஸ்கார் பியூஷ்கெஸ், யோசப் ஷ்மிட்ஸ், பெஸ்லர் மூவரும் பூச்சியின் மார்பு முடிச்சுகளைத் தனியே பிரித்து, பைலோகார்பின் என்ற மருந்தை ஊற்றினார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தாகவும் கொடுக்கப்படும் அதே பைலோகார்பின்தான். முடிச்சுகளிலிருந்து தாளம் எழுந்தது, ஒன்றல்ல, பல. ஒரே காலின் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனித் தாளம், ஒன்றை ஒன்று கேட்காமல் ஓடியது. அதாவது வில்சன் சொன்ன உள்தாளம் குச்சிப்பூச்சிக்கும் உண்டு. ஆனால் அது ஒரே இடத்தில் உட்கார்ந்த பெருந்தாளம் அல்ல. மூட்டுக்கு மூட்டு சிதறிக் கிடக்கும் சிறு தாளங்கள். அவற்றைச் சேர்த்து நடையாக்குவது காலிலிருந்து வரும் செய்தி.

கால்களுக்கிடையே என்ன நடக்கிறது என்பதை பீலபெல்ட் பல்கலைக்கழகத்தின் ஹோல்க் க்ரூசா பல வருடம் உட்கார்ந்து அளந்தார். அவர் கண்டவை சிறு சிறு விதிகள். பின்னால் உள்ள கால் தூக்கியிருக்கும்வரை முன்னால் உள்ள கால் தூக்காது. பின்கால் தரையில் ஊன்றியதும் முன்காலுக்குத் தூக்கும் உந்துதல் கிடைக்கும். பின்கால், நடுக்கால் நின்ற இடத்தைக் குறிவைத்து இறங்கும். முன்னவர் கால் வைத்த கிளையில்தான் நாமும் வைப்போம் என்ற கணக்கு. ஒவ்வொரு காலும் பக்கத்துக் காலை மட்டும் கேட்கிறது. ஆறு கால்களுக்கும் பொதுவான திட்டம் எங்குமே எழுதியில்லை. ஆனாலும் வேகத்துக்குத் தக்கபடி சரியான நடை தானாக அமைகிறது. இந்த விதிகளை மட்டும் கணினியில் எழுதி, வாக்நெட் என்ற பெயரில் ஒரு நடையையே உருவாக்கிக் காட்டினார்கள்.

இதே காலத்தில் பொறியாளர்கள் எங்கே இருந்தார்கள்? 1980-களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெகீயும் கென்னத் வால்ட்ரனும் ஆறு கால் வாகனம் ஒன்றைக் கட்டினார்கள். இரண்டரை டன்னுக்கு மேல் எடை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவார். பதினெட்டு மூட்டுகளுக்கும் கணினிகள் கணக்குப் போட்டு ஆணை கொடுக்கும். அடுத்த அடி எங்கே, எடை எந்தக் காலில், உடல் எவ்வளவு சாய்வு என்று எல்லாம் முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. மைய ஆட்சியின் உச்சம் அது. இந்தியாவில் பிறந்து ஐஐடி கான்பூரில் படித்த விஜய் குமார் 1987-இல் முனைவர் பட்டம் பெற்றது இந்த ஓஹையோ கூடாரத்தில்தான். பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஒவ்வொன்றும் அண்டையில் இருப்பதை மட்டும் கவனித்துக் கூட்டமாகப் பறக்கும் ட்ரோன்களால் அவர் உலகப்புகழ் பெற்றார். மையத்திலிருந்து பரவலுக்கு ஒரு மனிதரின் வாழ்நாளிலேயே நடந்த பயணம்.

ஓஹையோவின் முறைக்கு நேர் எதிராக நின்றவர் எம்ஐடியின் ராட்னி ப்ரூக்ஸ். 1989-இல் அவர் காட்டிய கெங்கிஸ் ஒரு கிலோ அளவு எடையுள்ள ஆறு கால் ரோபோ. அதனுள்ளே ஐம்பத்தேழு சிறு கணக்கிகள் இருந்தன. ஒன்று காலைத் தூக்கச் சொல்லும், ஒன்று முன்னே வீசச் சொல்லும், ஒன்று தடை தட்டுப்பட்டால் இன்னும் மேலே தூக்கச் சொல்லும். நடக்க வேண்டும் என்ற முழு எண்ணம் அவற்றில் எதற்கும் இல்லை. உலகத்தின் வரைபடமும் அதற்குள் இல்லை. ஆனாலும் புத்தகக் குவியலின்மேல் ஏறி இறங்கியது. ப்ரூக்ஸின் துணிச்சல் பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் பூச்சியைப் பற்றிப் பேசிய அவரைவிட, பூச்சியையே அளந்து கட்டியவர்கள் ஜெர்மானியர்கள். 1990-களின் தொடக்கத்தில் முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரீட்ரிக் ஃபைஃபர் குழு கட்டிய நடக்கும் எந்திரத்தின் கால் நீளமும் மூட்டுச் சாய்வும் செண்பகனூர்ப் பூச்சியின் விகிதத்தில் அமைந்தவை. ஒவ்வொரு காலுக்கும் தனிக் கட்டுப்பாடு. கால்களுக்கிடையே க்ரூசாவின் விதிகள். பிறகு பீலபெல்டிலேயே ஹெக்டர் பிறந்தது. அதே பூச்சியை இருபது மடங்கு பெருக்கியது போன்ற உருவம், பதினெட்டு மூட்டுகள்.

இத்துடன் பரவல் கட்சி வென்றுவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ராபர்ட் ஃபுல் கரப்பானை ஓடவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுக் கரப்பான் முழு வேகத்தில் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும்; நொடிக்கு இருபதுக்கு மேல் அடி வைக்கும். ஓர் அடிக்கு ஐம்பது மில்லிநொடி கூட இல்லை. கால் தரையைத் தொட்டது என்ற செய்தி நரம்பில் ஏறி, முடிச்சில் பேசி, ஆணையாகத் திரும்பித் தசையை இழுப்பதற்குள் அந்த அடியே முடிந்துவிடும். அப்படியானால் ஓடும் கரப்பான் ஏன் தடுக்கி விழுவதில்லை?

2002-இல் டெவின் ஜின்ட்ரிச்சும் ஃபுல்லும் கரப்பானின் முதுகில் ஒரு குட்டிப் பீரங்கியை ஒட்டினார்கள். வெடித்ததும் உடல் பக்கவாட்டில் உதைபடும். நரம்பு பதில் சொல்ல நேரம் வருவதற்கு முன்பே உடல் தடம் திரும்பத் தொடங்கியது. விரிந்த கால்களின் நிலையும், மூட்டுகளின் விறைப்பும், தசையின் இழுவையுமே அதை நிமிர்த்தின. இதே எண்ணத்தில், இந்தச் சோதனை வெளியாவதற்கு முன்பே பிறந்திருந்தது ரெக்ஸ் என்ற ரோபோ. காலுக்கு ஒரே மோட்டார், வளையும் கால், ஆறையும் ஒரே கடிகாரம் ஓட்டுகிறது. 2001-இல் வெளியான முதல் வடிவத்தில் தரையை உணரும் உறுப்பே கிடையாது. அப்படியிருந்தும் தன் கால் உயரத்தையொத்த மேடுபள்ளத்தில் ஓடிக்காட்டியது. மையத் தாளம், ஆனால் தாளத்தின் பிழையைத் திருத்துவது உடலின் கட்டு.

இவ்வளவும் படித்தபின் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நூறு வருட வழக்கில் யாரும் தம் பூச்சியைப் பற்றித் தவறாகச் சொல்லவில்லை. குச்சிப்பூச்சி கிளையில் ஏறும், அடுத்த கிளை எங்கே என்று தடவித்தான் அடி வைக்கும், அவசரம் கிடையாது. அதற்குக் காலைக் கேட்டு நடக்க நேரம் இருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் காலின் ஆட்சியைக் கண்டார்கள். வெட்டுக்கிளிக்கும் ஓடும் கரப்பானுக்கும் அந்த நேரம் இல்லை. அவற்றை ஆராய்ந்தவர்கள் உள்தாளத்தையும் உடலின் கட்டையும் கண்டார்கள். எந்தப் பூச்சியைக் கூண்டில் வைத்தோமோ அந்தப் பூச்சியின் வேகமே கொள்கையாக வந்தது. செண்பகனூரிலிருந்து குச்சிப்பூச்சிக்குப் பதிலாக ஒரு கரப்பான் ஜெர்மனிக்குப் போய்ப் பெருகியிருந்தால், ஜெர்மன் ரோபோக்கள் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தியாவிலிருந்து இந்த வழக்குக்கு வந்த நல்ல சாட்சி பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து வந்தது. அங்கே சஞ்சய் சானேயின் ஆய்வகத்தில் தன்வி தேவ்ரா, அமித் குமார் சிங் ஆகியோர் சிப்பாய் ஈயை எடுத்துக்கொண்டார்கள். உணவுக்கழிவை உரமாக்க இப்போது பல ஊர்களில் வளர்க்கிறார்களே, அந்தக் கருப்பு ஈதான். ஈக்கு முன்சிறகு மட்டுமே சிறகு. பின்சிறகு குண்டூசித் தலை போன்ற ஒரு சிறு தண்டாகச் சுருங்கியிருக்கும். பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அது உணர்த்தும். அதற்கு, சிறகு மேலே போகும்போது தண்டு கீழே, சிறகு கீழே வரும்போது தண்டு மேலே என்று பிசகாமல் ஆட வேண்டும். அதுவும் நொடிக்குச் சுமார் நூறு தடவை.

இந்த ஒழுங்கை எந்த நரம்பு கொடுக்கிறது என்று தேடினார்கள். கிடைத்த பதில், நரம்பு அல்ல. செத்த ஈயின் ஒரு சிறகைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் மறுசிறகும் இரண்டு தண்டுகளும் தாமே அதே ஒழுங்கில் அசைந்தன. மார்புக்கூட்டின் ஓட்டில் இரண்டு இடங்களில் இருக்கும் மெல்லிய இணைப்புகளே சிறகையும் சிறகையும், சிறகையும் தண்டையும் கட்டிவைத்திருக்கின்றன. அந்த இணைப்பை வெட்டியதும் ஒழுங்கு குலைந்தது. 2015-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் இது வெளியானது. மையமும் இல்லை, அந்தந்த இடத்து நரம்பும் இல்லை. ஒருங்கிணைப்பு ஓட்டிலேயே கட்டப்பட்டிருக்கிறது. நரம்புக்கு நேரம் போதாத இடத்தில் பூச்சி பொறுப்பை எலும்புக்கு நிகரான ஓட்டிடம் ஒப்படைத்துவிட்டது. புடன்ப்ராக் காலத்தில் இரு கட்சிகளாக நின்ற வழக்கில் மூன்றாம் கட்சி ஒன்று உண்டு என்பதை ஃபுல் சொன்னார். பெங்களூர் அதைப் பறக்கும் பூச்சியில் உறுதி செய்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் விலங்கியல் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நடையைப் பற்றிய உலக ஆய்வில் பெரும்பகுதி, பல தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்து, இலை போட்ட தட்டில் நடந்த பூச்சிகளை வைத்து நடந்தது. குச்சிப்பூச்சியின் சொந்தக் காட்டில், சோலையின் ஈரத்தில், காற்றில் ஆடும் கொப்பில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குத்தான் உண்டு. வனத்துறையிடம் முறைப்படி அனுமதி வாங்குங்கள்; பிடித்துவராதீர்கள்; கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுங்கள். எந்தக் கால் எப்போது தூக்கியது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறியுங்கள். புடன்ப்ராக்கிடம் இருந்த கருவிகளைவிட உங்கள் சட்டைப்பையில் இருப்பது நல்ல கருவி.

அடுத்த பகுதியில் ஓர் உடலின் ஆறு கால்களை விட்டு, ஒரு கூட்டின் பல உடல்களுக்குப் போகிறோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர ககட்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த காகிதக் கூட்டுக் குளவிகளில், ராணி யாருக்கும் வேலை ஏவுவதில்லை.

(தொடரும்)